நாலு நாள் பாக்கி

தங்கத்தாய் யாரோடு பேசினாலும் எதிரே நிற்பவரின் கண்ணைப் பார்க்க மாட்டாள். வாயைத்தான் பார்ப்பாள். பால்காரராக இருந்தாலும் சரி, ரேஷன் கடையில் பில் போடுகிறவராக இருந்தாலும் சரி, கோமதி அம்மன் சன்னிதியில் குங்குமம் கொடுக்கிற பட்டராக இருந்தாலும் சரி, அவள் பார்வை மூக்குக்குக் கீழேதான் நிற்கும். வீட்டில் டி.வி. ஓடும்போது சத்தம் வைக்க மாட்டாள். "எம்மா, சவுண்டு வைக்கட்டா?" என்று மகள் கேட்டால், "எதுக்கு? அவதான் வாயத் தெறந்து சொல்லிக்கிட்டு இருக்காளே" என்பாள்.

மகள் இசக்கிசெல்வி இந்தப் பழக்கத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறாள். ஆறாம் வகுப்பு வரைக்கும், தான் பல் தேய்த்தோமா என்று அம்மா சோதிப்பதாகவே நினைத்திருந்தாள். அதற்குப் பயந்து மிட்டாயை நாக்குக்கு அடியில் தள்ளிக்கொண்டு பேசியதெல்லாம் உண்டு. கல்லூரியில் கூடப் படித்த ஜெஸ்லின் ஒருமுறை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, திரும்பிப் போகும் வழியில் பஸ் ஸ்டாண்டில் வைத்துக் கேட்டாள்.

"ஏ இசக்கி, என் பல்லுல கீர ஏதும் ஒட்டிட்டு இருக்கா? உங்கம்மா என் வாயையே பாத்தாங்க."

"அது தறிக்காரங்க பழக்கம்ட்டி" என்று சொல்லிவிட்டு இசக்கிசெல்வி சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த அளவில் அது சரியான பதில்தான். அதற்கு மேல் அவள் யோசித்ததில்லை. ஏன் யோசிக்கவில்லை என்பதை ரொம்ப நாள் கழித்துத்தான் யோசித்தாள்.

கழுகுமலை ரோட்டில் இருக்கிறது தங்கத்தாய் வேலை பார்க்கிற தறிக்கூடம். தகரக் கூரைக்குக் கீழே நாற்பத்தெட்டு விசைத்தறிகள். எல்லாம் ஒன்றாக ஓடும்போது உள்ளே நுழைகிறவனுக்கு நெஞ்சுக்கூடு அதிரும். பக்கத்தில் நிற்பவள் தொண்டை கிழியக் கத்தினாலும் காதில் விழாது. அதனால் அங்கே யாரும் கத்துவதில்லை. வாயை மட்டும் அசைப்பார்கள். வாய் தெரியாத தூரம் என்றால் கையால் பேசுவார்கள். இரண்டு விரலைச் சேர்த்து வெடுக்கென்று பிரித்தால் இழை அறுந்துவிட்டது. இல்லாத மீசையை முறுக்கினால் முதலாளி சௌந்தரபாண்டியன் வருகிறார். தங்கத்தாய் இருபத்திரண்டு வருடமாக அங்கே நாலு தறி ஓட்டுகிறாள். அடுத்த நாலு தறி கதீஜம்மாளுடையது. அவர்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்க ஆரம்பித்துப் பதினாலு வருடம் ஆகிறது.

தறிக்கூடத்தில் ஒரு முறை இருந்தது. ஒருத்தி லீவு போட்டால் அவள் தறியைப் பக்கத்துக்காரி சேர்த்து ஓட்ட வேண்டும். எட்டுத் தறிக்கும் ஒரே ஆள். அன்றைக்கு அவளுக்கு உட்காரக்கூட நேரம் இருக்காது. லீவு கேட்கிறவள் தன் நெஞ்சில் ஒற்றை விரலை வைத்துக் காட்டுவாள். உனக்கு ஒரு நாள் கடன்பட்டேன் என்று அதற்கு அர்த்தம். சம்மதம் என்றால் மற்றவள் இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டு, நாலு விரலை விரித்து, உள்ளங்கையை வாசல் பக்கம் வீசுவாள். 'உன் நாலு தறியையும் நான் பாத்துக்கிடுதேன், நீ போ.' அவ்வளவுதான் பேச்சு. யாரும் எதையும் எழுதி வைப்பதில்லை. ஆனால் யாருக்கு யார் எத்தனை நாள் தர வேண்டும் என்று கூடத்தில் எல்லாருக்கும் தெரியும்.

தங்கத்தாய் இந்த இருபத்திரண்டு வருடத்தில் யாருக்கும் ஒரு நாள்கூட பாக்கி வைத்ததில்லை. ஆடித்தபசுக்கும் தீபாவளிக்கும் கூடம் மொத்தமும் நிற்கிற நாட்களைத் தவிர அவள் லீவு போட்டதில்லை. காய்ச்சல் என்றாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு போய் நின்றுவிடுவாள். வீட்டுக்காரர் சுடலைமணி புனலூரில் பரோட்டாக் கடையில் வேலை பார்க்கிறார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவார். மகளைப் படிக்க வைத்தது, வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸை மாற்றிக் கான்கிரீட் கூரை போட்டது எல்லாம் இந்த நாலு தறியில்தான்.

அந்த வீட்டில் முதல் பட்டதாரி இசக்கிசெல்வி. பி.காம். முடித்து ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. குரூப் ஃபோர் எழுதினாள், நாலு மார்க்கில் போனது. தெருப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தாள். ஆன்லைனில் அனுப்பிய விண்ணப்பங்களை எண்ணுவதை ஒரு கட்டத்தில் விட்டுவிட்டாள். அந்தத் திங்கட்கிழமை சென்னையிலிருந்து மெயில் வந்தது. ஆஸ்பத்திரி பில்களைச் சரிபார்க்கிற ஒரு கம்பெனி. ஜெஸ்லின் ஏற்கெனவே அங்கே வேலை பார்த்தாள். தன் அறையில் ஒரு கட்டிலுக்கு இடம் வைத்திருந்தாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலமே தங்கத்தாயும் ஒரு நல்ல சேதியோடு வந்து நின்றாள்.

"ஏட்டி, மொதலாளி அண்ணாச்சிகிட்ட கேட்டுட்டேன். ஒண்ணாந் தேதிலருந்து ஆபீஸ்ல வந்து ஒக்காரச் சொல்லிட்டாரு. கம்ப்யூட்டர்ல பில்லு போடணுமாம். கண்ணாடி ரூமு, ஏ.சி. நான் தறில நின்னு நிமிந்து பாத்தா ஒன் மூஞ்சி தெரியும்."

சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இசக்கிசெல்வி சென்னை மெயிலைப் பற்றி வாயே திறக்கவில்லை. படுக்கப் போகும் நேரம் வந்துவிட்டது. வீட்டில் வைத்துச் சொல்லலாம் என்றால் அம்மா ஓர் இடத்தில் உட்கார்ந்தால்தானே? அடுப்படிக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். உட்கார்ந்தே தீர வேண்டிய ஓர் இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று இசக்கிசெல்விக்குத் தோன்றியது. டியூஷன் காசு கையில் கொஞ்சம் இருந்தது.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் 'ஹாங்காங் கார்டன்' என்று ஒரு சைனீஸ் ரெஸ்டாரண்ட் திறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வாசலில் சிவப்பு விளக்குகள் தொங்கும். வேலைக்குப் போகிற பஸ்ஸிலிருந்து தினமும் அதைப் பார்த்துவிட்டு, "அங்கன நெசமாவே சைனாக்காரன் இருக்கானாட்டி?" என்று தங்கத்தாய் பலமுறை கேட்டிருக்கிறாள்.

"புதன்கிழமை லீவு போடும்மா. அங்க போயிச் சாப்பிடுவோம்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா ஒனக்கு?"

"ஒரே ஒரு நாளும்மா."

என்ன நினைத்தாளோ, தங்கத்தாய் அடுத்த நாள் தறிக்கூடத்தில் நெஞ்சில் ஒற்றை விரலை வைத்துக் காட்டினாள். கதீஜம்மாள் அதைப் பார்த்துவிட்டு ஒரு தறியையே நிறுத்திவிட்டாளாம். "ஆஸ்பத்திரிக்கா?" என்று வாயசைத்தாள். "சைனா ஓட்டலுக்கு" என்று தங்கத்தாய் வாயசைத்தாள். கதீஜம்மாள் மூன்று தடவை திரும்பச் சொல்லச் சொன்னாளாம். பதினாலு வருடத்தில் தங்கத்தாயின் வாயை அவள் தப்பாகப் படித்ததாக நினைத்தது அன்றைக்குத்தான். பிறகு சிரித்துக்கொண்டே கண்ணைத் தொட்டு, நாலு விரலை விரித்து, வாசலைக் காட்டினாள்.

லீவு நாளில் என்ன செய்வது என்று தங்கத்தாய்க்குத் தெரியவில்லை. காலையிலேயே வீட்டைக் கழுவினாள். கழுவிய பாத்திரத்தை மறுபடியும் கழுவினாள். பதினோரு மணிக்குத் தெருவாசலில் நின்று, "இந்நேரத்துக்கு நம்ம தெரு இப்படித்தான் கெடக்குமா? ஒரு குருவி இல்ல" என்று ஆச்சரியப்பட்டாள். சாயங்காலம் ஆடித்தபசுக்கு எடுத்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டாள்.

மாடி ஏறியதும் கண்ணாடிக் கதவு. உள்ளே குளிர். சுவரில் பெரிய டிராகன் படம். அதற்குப் பக்கத்திலேயே சங்கரநாராயணர் படத்துக்குக் கதம்ப மாலை போட்டு ஊதுபத்தி கொளுத்தியிருந்தார்கள். தங்கத்தாய் முதலில் சாமியைக் கும்பிட்டாள், பிறகு டிராகனையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கறுப்புச் சட்டை போட்ட சர்வர், முப்பது வயதிருக்கும், கதவுக்கு முதுகு காட்டுகிற நாற்காலியில் அவளை உட்கார வைத்தார். அம்மாவுக்கு எதிரே, கதவைப் பார்த்து இசக்கிசெல்வி உட்கார்ந்தாள்.

"தம்பி பேரென்னப்பா?" என்றாள் தங்கத்தாய்.

தறிக்கூடத்திலிருந்து வெளியே வந்தால் அவள் குரல் அப்படித்தான் இருக்கும். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி வரும். பக்கத்து மேஜையில் இருந்த குடும்பம் திரும்பிப் பார்த்தது.

"தங்கசாமிம்மா. ஊரு சிவகிரி."

"உள்ள சைனாக்காரன் இருக்கானா?"

"மாஸ்டரு டார்ஜிலிங்கும்மா."

"அது சைனாவுக்குப் பக்கமா?"

தங்கசாமி ஒரு நிமிடம் யோசித்தார். "பக்கந்தாம்மா."

"அப்பச் சரி" என்றாள் தங்கத்தாய் திருப்தியோடு.

சூப் வந்தது. மேலே போட்டிருந்த பொரித்த நூடுல்ஸைத் தனியாக எடுத்து, "காராச்சேவ எதுக்குட்டி கஞ்சில போட்டிருக்கான்?" என்று கேட்டாள். பக்கத்து மேஜைச் சிறுமி களுக்கென்று சிரித்தாள். அவளுடைய அம்மா "சும்மாரு" என்று தொடையில் தட்டினாள். தட்டிய பிறகு அவளும் சிரித்தாள். இசக்கிசெல்வியின் காது மடல் சூடானது.

"எம்மா, கொஞ்சம் மெதுவா."

"என்னது?"

"மெதுவாப் பேசும்மா."

"மெதுவாத்தானட்டி பேசுதேன்!"

சில்லி சிக்கனும் நூடுல்ஸும் வந்தன. நூடுல்ஸைப் பார்த்ததும் தங்கத்தாய் முகம் மாறியது. சிக்கு விழுந்த நூலை யாரோ கொண்டுவந்து முன்னால் வைத்தது போல் முன்னுக்குக் குனிந்தாள். "எந்த மூதேவிட்டி இப்படிப் போட்டு வச்சிருக்கா!" என்று ஒரு முனையைத் தேடிப் பிடித்து, மற்றதிலிருந்து பிரித்து, தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற மாதிரி முள்கரண்டியில் ஒரே சீராகச் சுற்றினாள். ஒரு இழைகூட அறுபடவில்லை. தங்கசாமி அடுத்த மேஜைக்குப் போகிறவர் நின்று பார்த்தார்.

"சைனாக்காரன் கெட்டாம்மா" என்றார்.

"இருவத்திரெண்டு வருசமாச் சுத்துதேன்ப்பா!"

இந்தத் தடவை கல்லாவில் இருந்தவரும் எட்டிப் பார்த்தார். இசக்கிசெல்வி தண்ணீரைக் குடித்தாள். அம்மா சந்தோஷமாக இருக்கிறாள், இதுதான் சமயம், சொல்லிவிட வேண்டும் என்று தனக்குள் ஒத்திகை பார்த்தாள். 'எம்மா, ஒரு மெயில் வந்திருக்கு.' அவ்வளவு லேசான வாக்கியம். வாயைத் திறந்தால், "நீ சாப்பிடுட்டி, கோழி நல்லாருக்கு" என்று அம்மா ஒரு துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். இரண்டாம் முறை திறந்தபோது, "ஆபீஸ்ல சேந்தப்புறம் மாசம் ஒரு தடவ வருவோம், என்ன?" என்றாள். அதோடு அந்த வாக்கியம் உள்ளே போய்விட்டது.

போன் அதிர்ந்தது. ஜெஸ்லின். "இந்தா வாரேன்ம்மா" என்று எழுந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே மாடிப்படி மேட்டுக்கு வந்தாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. உள்ளே இருந்த பேச்சுச் சத்தம் நின்றுபோனது. ரோட்டில் ராஜபாளையம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்ததால், காதைப் பொத்திக்கொண்டு ரோட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள்.

"சொல்லிட்டியா?" என்றாள் ஜெஸ்லின்.

"இன்னும் இல்லட்டி."

"நாளைக்குப் பத்து மணி. மண்டைல இருக்கா, இல்லையா?"

"நான் வரல ஜெஸ்லின். வரலன்னு மெயில் போட்டுரப் போறேன்."

"ஏன்?"

"எங்கம்மா விடமாட்டா."

"கேட்டியா நீ?"

"கேக்கவே வேண்டாம். எனக்குத் தெரியாதா அவளப் பத்தி? தறிக்குப் பக்கத்துலயே எனக்கும் ஒரு சேரு போட்டு வச்சிட்டா. போவாதன்னுதான் சொல்லுவா." பேசப் பேசக் குரல் ஏறியது. கோபம் யார் மேல் என்று அவளுக்கே தெரியவில்லை. "இங்கன கூட்டிட்டு வந்ததே தப்பு. கத்திக் கத்திப் பேசுதா. எல்லாரும் திரும்பித் திரும்பிப் பாக்காங்க. மானம் போவுது எனக்கு."

ஜெஸ்லின் அவளை முழுசாகப் பேச விட்டாள். பிறகு, "இசக்கி, உங்கம்மா விடமாட்டாங்களா, இல்ல ஒனக்குப் பயமா இருக்கா? நெசத்தச் சொல்லு" என்றாள்.

இசக்கிசெல்வி நிமிர்ந்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா தன் நாற்காலியில் இல்லை. ஏ.சி. காற்று நேரே உச்சந்தலையில் அடித்ததால் எழுந்து எதிர்ப் பக்கம், மகளுடைய நாற்காலிக்கு வந்துவிட்டிருந்தாள். கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கையில் முள்கரண்டி பாதி தூக்கியபடி நின்றது. அவள் பார்வை, எப்போதும் போல, மகளின் வாயில் இருந்தது.

இசக்கிசெல்வி பிறந்ததிலிருந்து இந்த அம்மாவோடு இருக்கிறாள். நாற்பது அடி தூரத்தில் ஒருத்தி முணுமுணுப்பதைப் படித்துவிட்டுப் பதில் சொல்கிறவள் என்று தெரியும். இருந்தும் ஒரு கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டால் போதும் என்று எப்படி நம்பினாள்? எந்த வார்த்தையிலிருந்து அம்மா பார்த்திருப்பாள்? 'விடமாட்டா'விலிருந்தா? 'மானம் போவுது' தெரிந்திருக்குமா? சிவப்பு விளக்கு இசக்கிசெல்வியின் முகத்தில் நேராகத்தான் விழுந்துகொண்டிருந்தது.

தங்கத்தாய் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள். புடவைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டாள். பிறகு இரண்டு விரலால் தன் கண்ணைத் தொட்டாள். நாலு விரலை விரித்தாள். உள்ளங்கையை வெளியே வீசினாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தூக்குவாளியில் சோறு கொண்டுபோன நாட்களில் இசக்கிசெல்வி எத்தனையோ முறை பார்த்த சைகை அது. ஒருத்திக்குப் பிரசவ வலி எடுத்தபோது, ஒருத்தியின் அண்ணன் செத்துப்போன சேதி வந்தபோது, ஒருத்தி மகனுக்குப் பெண் பார்க்கப் போனபோது. ஆனால் இசக்கிசெல்விக்கு ஏது தறி? அவளை ஒருநாளும் தறியைத் தொடவே விட்டதில்லை அம்மா. இல்லாத நாலு தறியை அவளுக்குக் கொடுத்து, அதையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தங்கத்தாய் மறுபடியும் அதையே செய்தாள். இம்முறை கொஞ்சம் எரிச்சலோடு.

"ஜெஸ்லின், அப்புறம் கூப்பிடுதேன்" என்று போனை வைத்தாள் இசக்கிசெல்வி.

உள்ளே வந்து அம்மாவின் பழைய நாற்காலியில் உட்கார்ந்தாள். குனிந்து மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டே, "எம்மா..." என்றாள்.

"நிமிந்து பேசு. குனிஞ்சா எனக்கு எப்படிக் கேக்கும்?" தங்கத்தாய் குரலைத் தணிக்க முயன்றாள். அது ஒரேயடியாகத் தணிந்து மூச்சுக்காற்றாகிவிட்டது. "கண்ணாடிக்கு வெளிய போனா எனக்குக் கேக்காதுன்னு நெனச்சியோ? எனக்கு உள்ளயே கேக்கலட்டி. நீ எட்டாப்பு படிக்கும்போதே காது போயிட்டு. வாயப் பாத்துத்தான் எல்லாம்."

"டாக்டர்ட்ட ஏன் போகல?"

"என்னன்னு போக? தறி சத்தம் கேக்கலன்னா?" சிரித்தாள். சிரிப்பு நின்றதும், "நான் கத்துதேன்னு எனக்குத் தெரியாது பாத்துக்க. எனக்குக் கேக்க அளவுக்குத்தான் பேசுதேன்" என்றாள்.

இசக்கிசெல்வி மன்னிப்பு கேட்க வாயெடுத்தாள். தங்கத்தாய் கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"அத விடு. 'எங்கம்மா விடமாட்டா'ன்னியே, அதுதான் எனக்கு ஆறல. எங்கிட்ட எப்பக் கேட்ட நீ? கேட்டு நான் எப்ப மாட்டேன்னேன்?"

கேட்கவே இல்லை. ஜெஸ்லின் கேட்ட கேள்விக்குப் பதில் பயம்தான். முன்பின் தெரியாத ஊர், இங்கிலீஷில் பேச வேண்டிய ஆபீஸ், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படுகிற சுபாவம். தன் பயத்துக்கு அம்மாவின் பெயரை வைத்து மூன்று நாளாகச் சுமந்துகொண்டிருந்தாள். பயம் தன்னுடையது என்று ஒத்துக்கொள்வதைவிட அம்மாவைத் தடையாக்குவது சுலபமாக இருந்தது.

"பயமா இருக்கும்மா" என்றாள், சத்தம் வராமல், வாயை மட்டும் அசைத்து.

தங்கத்தாய்க்கு அது நன்றாகக் கேட்டது.

"இருக்கத்தான செய்யும். மொத நாளு தறிக்கூடத்துல காலு வச்சப்ப நான் மூத்திரம் போயிட்டேன். எவளுக்கும் தெரியாது. இப்ப ஒனக்குத்தான் சொல்லுதேன்." இதையும் அவள் சத்தமில்லாமல்தான் சொன்னாள். நல்லவேளை.

"அண்ணாச்சிட்ட சொல்லிட்டியேம்மா?"

"சொன்னா என்ன? வேற ஆளா கெடைக்காது அவருக்கு? நான் பேசிக்கிடுதேன். நீ சோத்தத் தின்னு."

அதற்குப் பிறகு அவர்கள் வாய்விட்டுப் பேசவில்லை. வாயசைப்பும் கையசைப்புமாகவே ஃப்ரைட் ரைஸ் வந்து முடிந்தது. எங்கே தங்குவாய், சம்பளம் எவ்வளவு, ரயிலா பஸ்ஸா, ஜெஸ்லினுக்குச் சமைக்கத் தெரியுமா, எல்லாம். இசக்கிசெல்விக்குச் சைகை பாதி மறந்திருந்தது. தப்பாகக் காட்டினால் அம்மா அவள் விரலைப் பிடித்துத் திருத்தினாள். பக்கத்து மேஜைக்காரர்கள் இப்போது சிரிக்கவில்லை. அந்தச் சிறுமியின் அம்மா, பாவம், என்கிற மாதிரி பார்த்துவிட்டுச் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கத்தாயின் பழைய குரலை அதற்குள் மறந்தே போய்விட்டாள் போலும். தங்கசாமிகூட வந்து நின்று, ஒன்றும் பேசாமல், கிண்ணத்தில் கை நனைப்பது போல் ஜாடை காட்டி, வெந்நீர் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

"ஆமா தம்பி, அப்படியே பில்லையும் கொண்டா!" என்றாள் தங்கத்தாய்.

தங்கசாமி கையிலிருந்து நழுவிய தட்டைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். இசக்கிசெல்வி வாய்விட்டுச் சிரித்தாள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்றிருந்தது அவளுக்கு; ஆனால் அந்த எண்ணத்தையும் அவள் முழுசாக நம்பவில்லை. ஒரு ராத்திரியில் குணம் மாறிவிடுமா என்ன?

மாடிப்படி இறங்கும்போதே சம்மதம் என்று மெயில் அனுப்பினாள்.

சென்னைக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. ஆபீஸில் முதல் மாதம் தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கற்றுக்கொண்டாள். காதுக்கு மெஷின் வாங்கித் தருவதாகச் சொன்னாள், "அத மாட்டிட்டுத் தறிகிட்ட நின்னா சத்தம் இன்னும் கூடல்லா கேக்கும்?" என்று தங்கத்தாய் மறுத்துவிட்டாள். சாதாரண போனில் அவர்களால் பேச முடியாது. வீடியோ காலில்தான் பேசுவார்கள். அதில் அம்மாவின் கண் எப்போதும் கொஞ்சம் தாழ்ந்தே இருக்கும், மகளின் வாயில்.

அந்தப் புதன்கிழமைக் கடனை மட்டும் தங்கத்தாயால் தீர்க்க முடியவில்லை. அடுத்த வாரமே கதீஜம்மாளிடம் போய், "நாளைக்கு நீ வீட்டுல இரி, நான் பாத்துக்கிடுதேன்" என்று காட்டினாள். கதீஜம்மாள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். ஒவ்வொரு மாதமும் கேட்டுப் பார்த்தாள். டீ குடிக்கிற இடத்தில் வைத்து ஒருநாள் சண்டையே போட்டாள்.

"ஏன் புள்ள இப்படிச் செய்யுத? கடன் தலைக்கு மேல நின்னா எனக்கு ஒறக்கம் வர மாட்டேங்கு."

"ஒத்த நாள வாங்கிட்டு நான் என்ன செய்ய தங்கம்? வீட்டக் கழுவவா?" என்றாள் கதீஜம்மாள். "நீ மெட்ராஸுக்குப் போயி புள்ளையப் பாத்துட்டு வா. அந்த நாளையும் சேத்து மொத்தமா வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் வாங்கக் கூடாதுன்னு மனசுல நிய்யத்து வச்சிட்டேன். இனி அத மாத்த முடியாது."

கடனைத் தீர்ப்பதற்காகவே கடன் வாங்கினாள் தங்கத்தாய். மார்கழியில் பொதிகை ரயிலில் ஏறி, மூன்று நாள் சென்னையில் இருந்தாள். கதீஜம்மாள் மூன்று நாளும் எட்டுத் தறி ஓட்டினாள். இசக்கிசெல்வி அம்மாவைப் பெரிய சைனீஸ் ஹோட்டல் ஒன்றுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். தங்கத்தாய் சுற்றிலும் பார்த்துவிட்டு, நூடுல்ஸில் ஒரு வாய் வைத்துவிட்டு, "நம்மூரு சைனாதான் நல்லாருக்கு" என்று வழக்கமான குரலில் தீர்ப்புச் சொன்னாள்.

ஊருக்குத் திரும்பி, கதீஜம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்பச் சொல்லு, எப்ப வேணும் ஒனக்கு?" என்று கேட்டாளாம். "பாக்கலாம், பாக்கலாம்" என்றாளாம் அவள்.

போன வாரம் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இசக்கிசெல்வி வீடியோ காலில் கூப்பிட்டாள். அங்கே தறி ஓடிக்கொண்டிருந்தது. இரைச்சலில் போனே கிடுகிடுவென்று ஆடியது. அது ஒன்றும் அவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. கதீஜம்மா கணக்கு எப்படி இருக்கு என்று மகள் வாயசைத்துக் கேட்டாள். தங்கத்தாய் உதட்டைப் பிதுக்கி, நெஞ்சில் நாலு விரலை வைத்துக் காட்டினாள்.

பக்கத்திலிருந்து கதீஜம்மாளின் முகம் திரைக்குள் எட்டிப் பார்த்தது. சித்திரையில் உங்கம்மா மறுபடியும் வருவா என்று இசக்கிசெல்வியிடம் வாயசைத்தாள். பிறகு கையை நீட்டி, தங்கத்தாயின் மடங்கியிருந்த கட்டைவிரலையும் பிடித்துப் பிரித்துவிட்டாள்.